மோட்டார் மேசை: 155 செ.மீ, 178 செ.மீ இருவருக்கும் ஒன்றே சரிப்படுமா?

புதுமேசை (கேள்வி):
வீட்டிலிருந்தே வேலை. உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்ய, மோட்டாரில் ஏறி இறங்கும் மேசை வேண்டும். இருவருக்கும் ஒன்றுதான். காலையில் மனைவி (155 செ.மீ), மதியத்துக்கு மேல் நான் (178 செ.மீ). 120 × 60 செ.மீ தேக்குப் பலகை கையில் இருக்கிறது, கனம் 30 மி.மீ. காலும் மோட்டாரும் சேர்ந்த ஃப்ரேம் மட்டும் வாங்கினால் போதும். பார்த்து வைத்தவை இரண்டு. ஒற்றை மோட்டார், இரண்டடுக்குக் கால் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்), உயரம் 71–117 செ.மீ. இன்னொன்று இரட்டை மோட்டார், மூன்றடுக்குக் கால், 61–126 செ.மீ, விலை ஒன்றரை மடங்கு. கூடுதல் காசு கொடுக்கலாமா? பழைய மேசைமேல் கன்வெர்ட்டர் (மேசைமேல் வைத்து ஏற்றி இறக்கும் தட்டு) வைத்தாலே போதுமா? இங்கே கரன்ட் அடிக்கடி போகும்.

அளவுநாடா:
எல்லாரும் மேசை எவ்வளவு உயரம் ஏறும் என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் இடிக்கப்போவது கீழ் அளவு.

கணக்கு இதுதான்: மேசையின் மேல்பரப்பு முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். நிற்கும்போது தரையிலிருந்து முழங்கை உங்களுக்குச் சுமார் 112 செ.மீ, அவங்களுக்கு 97. இரண்டு ஃப்ரேமுமே அதை எட்டும். உட்காரும்போது, வெறுங்காலோடு, உங்களுக்கு 68, அவங்களுக்கு 60 வரும். கடைக்காரர் சொல்லும் 71 பெரும்பாலும் வெறும் ஃப்ரேமின் அளவு. பலகையின் 3 செ.மீ சேர்த்தால் 74. அவங்களுக்கு 14 செ.மீ அதிகம். நாற்காலியை அவ்வளவு ஏற்றினால் கால் தொங்கும், தொடைக்கு அடியில் அழுத்தும். ஏற்றாவிட்டால் தோள் தூக்கியபடியே டைப் அடிக்க வேண்டும், சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்றடுக்குக் காலில் 64 வரும். மிச்சம் 4 செ.மீ-க்குக் காலடியில் ஒரு பலகைக்கட்டை போதும்.

வாங்குவதற்கு முன் இருவரும் அளந்துவிடுங்கள். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, மேல்கை தொங்க, முழங்கை மடங்க, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை டேப் பிடிக்க வேண்டும். நான் சொன்னது சராசரி. ஆளுக்கு ஆள் 2–3 செ.மீ மாறும்.

கன்வெர்ட்டர் வேண்டாம். அது உட்கார்வது பழைய 75 செ.மீ மேசைமேல்தானே, கீழ் அளவுச் சிக்கல் அப்படியே நிற்கும்.

முறுக்காணி:
அளவுநாடா சொன்னது சரி. எடையைக் காட்டி இரட்டை மோட்டாரை விற்பார்கள், அதை நம்பாதீர்கள். பலகை 14 கிலோ, இரண்டு மானிட்டர், அவற்றைத் தாங்கும் ஆர்ம் எல்லாம் சேர்த்தாலும் 30–35 கிலோதான். ஒற்றை மோட்டாரே தாங்கும். வித்தியாசம் வேறு இடத்தில். ஒற்றை மோட்டாரில் இரண்டு காலையும் ஓர் அறுகோணத் தண்டு இணைக்கிறது. அதன் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால் ஒரு கால் பின்தங்கி மேசை சாயும். மாதம் ஒருமுறை அலன் கீயால் இறுக்கினால் போச்சு.

ஏறும்போது கரன்ட் போனால் பயப்பட வேண்டாம், மேசை நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்ப வந்ததும் சில நேரம் திரையில் பிழை எண் காட்டும், பொத்தான் வேலை செய்யாது. பெரும்பாலான ஃப்ரேம்களில் தீர்வு ஒன்றுதான். கீழ் பொத்தானை அழுத்தி அடிவரை இறக்கி, விட்டுவிட்டு, மறுபடி 5–10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இன்னும் சற்று இறங்கி, கொஞ்சம் ஏறி நிற்கும், ரீசெட் முடிந்தது. குழந்தைகள் லிஃப்ட் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு வேண்டிய மோட்டார் இது, சூடானால் பூட்டிக்கொள்ளும்.

ஜன்னலோரம் போடுவதானால் திண்டு எந்த உயரத்தில் நீட்டியிருக்கிறது என்று பாருங்கள். மோதினால் நிற்கும் சென்சார் மானிட்டரின் பின்பக்கத்தைக் காப்பாற்றாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பலகைக்கு அடியில் திருகிவிட்டால் சுவருக்குப் போவது ஒரே வயர். அதற்கு மட்டும் மேசை ஏறும் உயரத்துக்கு மேல் அரை மீட்டர் தொய்வு விடுங்கள். சிபியுவைத் தரையில் வைத்தால் முதல் நாளே மானிட்டர் கேபிள் பிடுங்கிக்கொள்ளும்.

இழைப்புளி:
தேக்கு என்பதால் ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரூவை நேரே முறுக்கினால் பலகை வெடிக்கலாம், இல்லை ஸ்க்ரூ தலை முறியும். 5 மி.மீ ஸ்க்ரூவுக்கு 3.5 மி.மீ துளை போட்டு, மெழுகு தடவி ஏற்றுங்கள். டிரில் பிட்டில் 22 மி.மீ-ல் டேப் ஒட்டினால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வராது. மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் விரியும். ஃப்ரேமில் நீள்துளை இருந்தால் ஸ்க்ரூவை அதன் நடுவில் வாஷரோடு போடுங்கள். உயிர்போக இறுக்க வேண்டாம்.

புதுமேசை:
அப்போ மூன்றடுக்குதான். இருவருக்கும் மானிட்டர் உயரம்? எவ்வளவு நேரம் நிற்பது?

அளவுநாடா:
முழங்கைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் உங்கள் இருவருக்கும் 7–8 செ.மீ வேறுபடும். கேஸ் ஸ்பிரிங் ஆர்ம் (விட்ட உயரத்திலேயே மானிட்டரைத் தாங்கி நிற்கும் வகை) போட்டால் கையாலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டம்.

நேரம்: 2015-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த நிபுணர் பரிந்துரை, வேலைநேரத்தில் நிற்பதும் லேசாக நடப்பதுமாக 2 மணி நேரத்தில் ஆரம்பித்து 4 மணி நேரத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. ஒரே மூச்சில் இல்லை. தொடக்கத்தில் 20 நிமிடம் நின்றால் போதும். எடை குறையும் என்று வாங்காதீர்கள். உட்கார்வதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாவது நிமிடத்துக்கு சுமார் 0.15 கலோரி, 2 மணி நேரம் நின்றாலும் 18-தான். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்றால் குதிகால் வலிக்கும், 2 செ.மீ கனத்தில் ரப்பர் மேட் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.