புதுப்பிப்பு: ‘கைண்ட் ஆஃப் புளூ’ சுருதிக் குழப்பமும் கடலோரப் பூஞ்சையும்

பல வகை ஆல்பங்களைப் பற்றிய முந்தைய இழையில், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ எல்பி இசைத்தட்டில் சுருதி கூடிக் கேட்பதற்கு டர்ன்டேபிளில் தட்டைச் சுழற்றும் பெல்ட்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. 1959 மார்ச் 2 அன்று நடந்த பதிவில் மாஸ்டர் டேப்பை (மூலப் பதிவு நாடாவை) ஓட்டிய இயந்திரம் மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டி அச்சிட்டதால் பழைய அச்சுகளில் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் வேகமாக ஒலிக்கும். 1992-இல்தான் திருத்திய பதிப்பு வந்தது.

இரண்டு பக்கமும் சுருதி கூடினால் பெல்ட்டைப் பாருங்கள். முதல் பக்கம் மட்டும் என்றால் தட்டுதான் காரணம். சந்தேகமிருந்தால் ஸ்ட்ரோப் தட்டை (வேகம் பார்க்கக் கோடுகள் அச்சிட்ட வட்டை) சுழலவிட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்துக்கான 180 கோடுகளும் அசையாமல் நிற்கணும். விளக்கு பழைய சோக் போட்ட டியூப்லைட்டாக இருக்கட்டும். எலக்ட்ரானிக் சோக்கில் கோடு நிற்காது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) பாணியும் கர்நாடக ராகமும் ஒட்டுப்போட்ட தடமின்றிக் கலந்திருக்கின்றன, வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே கேட்கலாம்.

தட்டில் பிடிக்கும் பூஞ்சையை எப்படி நீக்குவது என்று குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்கு: பூஞ்சை பிடித்த வினைல் இசைத்தட்டை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் புது உறையில் போடுங்கள். பழைய காகித உறையில் பூஞ்சை ஒட்டியிருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று (78 ஆர்பிஎம்) ஓடும் பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.