பெரிய கோயில் பயணப் படங்களை எவ்வளவு திருத்தலாம்?

கேள்வி:
சென்ற மாதம் குடும்பத்துடன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றிருந்தோம். உச்சி வெயிலில் எடுத்த படங்களில் விமானம் வெளிறியும், அதன் முன் நின்ற என் தாயாரின் முகம் இருண்டும் பதிவாகியுள்ளன. எந்த அளவுக்குத் திருத்தலாம்? பின்னால் நடந்து செல்லும் அந்நியர்களை அழித்துவிடலாமா?

மறுமொழி 1:
ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்த ஒளித் தரவைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் கவலை வேண்டாம். வழக்கமான ஜேபெக் படக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப் படிகளை மட்டுமே வைத்திருக்க, 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால், நிழலில் மறைந்த முகத்தைப் பெருமளவு மீட்டெடுக்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன பகுதியை மட்டும் மீட்க இயலாது. ஆகவே வெயிலில் எடுக்கும்போது ஒளியளவைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். மாலை 4 மணிக்கு மேல் சென்றால், அந்தக் கருங்கல்லே பொன்னிறமாகத் தெரியும்.

மறுமொழி 2:
ஒளியைச் சரிசெய்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கைப்பேசியிலுள்ள அழகூட்டும் வசதி நம் மாநிறத்தை வெளுப்பாக்கி, முகச் சுருக்கங்களையும் துடைத்துவிடுகிறது. அதை முதலில் அணைத்துவிடுங்கள். எங்கள் இராமேசுவரப் பயணத்தில் என் பாட்டியை எடுத்த படங்கள் எல்லாம் அப்படியே ஆகிவிட்டன. அவர் மறைந்துவிட்ட இன்று, அந்த முகத்தின் உண்மையான நிறத்தைக் காட்டும் கடைசிக் காலப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அந்நியர்களையும் அழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அன்றைய கூட்டமும் உடைகளும் அந்த நாளுக்கே உரியவை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ரா கோப்புகள் இருக்கின்றன. மூலத்தைத் தனியே சேமித்துவிட்டு, அம்மாவின் முகத்திலுள்ள நிழலை மட்டும் நீக்கப் போகிறேன்.