தேத்தாங்கொட்டை கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் சுங்குடிச் சேலைச் சாயப் பட்டறைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கலங்கிய நீரைத் தெளியவைக்க மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசுவார்களே, அதில் தொடங்கியதுதான் என் ஆய்வு. கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் மண்துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கின்றன. ஆனால் சுங்குடிச் சாயம் நீரிலேயே கரைந்துகிடப்பது. அவ்வளவு எளிதில் படியாது. அதனால் கொட்டையைக் கரியாக்கி, அதன் நுண்துளைகளில் சாயத்தைப் பிடிக்கப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு குடுவை நீர் கருஞ்சிவப்பிலிருந்து வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்தது. அதற்குமேல் அசையவில்லை, அத்தனை பிடிவாதம்!

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கொட்டைகளில் பாதி பூச்சி அரித்தவை. அழகர்மலை, நத்தம், சிறுமலைப் பக்கம் தேத்தா மரம் இருக்கும் தோட்டம் யாருக்காவது தெரியுமா? ஐந்து கிலோ போதும். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

சாயப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாரேனும் சாயம் முக்கி மிஞ்சிய நீரில் இரண்டு லிட்டர் தந்தால் பேருதவி. கேனை நானே கொண்டுவருவேன். சாயத்தில் உப்புச் சேர்த்தீர்களா, எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். கணக்கு அதைப் பொறுத்து மாறும். பட்டறையின் பெயரை எங்கும் எழுதமாட்டேன். நான் சோதனை போட வரும் அதிகாரி அல்ல, மாணவிதான்.