நோயாளிகளைப் பிரிப்பதா, சுகாதார நிலையங்களைப் பிரிப்பதா?

வடசென்னை பிஜி:
சமூக மருத்துவம், முதுநிலை இரண்டாம் ஆண்டு. எங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வராதவர்களுக்கு நர்ஸ் போன் போட்டுப் பேசினால் பிரஷர் கட்டுக்குள் வருமா என்று பார்க்க வேண்டும். கைடு, "நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி, போன் போடும் பிரிவு, போடாத பிரிவு என்று பிரி, அதுதான் சுத்தம்" என்கிறார். எனக்கு இடிக்கிறது. பேசப்போவது ஒரே நர்ஸ், நோயாளிகள் உட்காருவதும் ஒரே பெஞ்சு. ஒருவரிடம் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போகாமல் இருக்குமா?

புள்ளியியல் அக்கா, சேத்துப்பட்டு:
போகும் டாக்டர். அதனால் நிலையங்களையே குலுக்கிப் பிரியுங்கள், கிளஸ்டர் முறையில். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரே நிலையத்து நோயாளிகளுக்கு ஒரே டாக்டர், ஒரே மருந்து இருப்பு. முடிவுகளும் ஒன்றுபோலவே வரும். நிலையத்துக்கு 50 பேர், உள்தொடர்பு (ஒரே நிலையத்தாரின் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.05 என்று வையுங்கள்: 1 + 49 × 0.05 = 3.45. அத்தனை மடங்கு ஆள் வேண்டும். தனித்தனியாகப் பிரித்தால் 200 பேர் போதும் என்ற இடத்தில் 690 பேர் வேண்டும், அதாவது 14 நிலையங்கள். பிரிவுக்கு இரண்டு நிலையம் மட்டும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஆளைக் குவிப்பதில் பயனே இல்லை.

இன்னொன்று. போன் போடாத பிரிவுக்கு 'வழக்கமான கவனிப்பு' என்று ஒரு வரி எழுதி விட்டுவிடாதீர்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பலருக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. எங்கே யாருக்குப் போகிறது என்று இரு பிரிவிலும் பதிவு செய்யுங்கள்.

களப்பணி:
இந்த போன் வசதியை எல்லா நிலையத்துக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னால் படிப்படியாக நுழைக்கலாம். எது முதலில் என்பதை மட்டும் குலுக்குங்கள். காம்பியாவில் 1986இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் தீசிஸ் காலத்துக்குள் முடிப்பது கஷ்டம்.

ஓய்வுபெற்ற மருத்துவர், அண்ணா நகர்:
கைடு சொல்வதும் எல்லா இடத்திலும் தப்பில்லை. 1956இல் இதே ஊரில் தொடங்கிய காசநோய் ஆய்வில் நோயாளிகளைத்தான் குலுக்கிப் பிரித்தார்கள்: பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில், மருந்து ஒன்றே. நெரிசலான வீடுகளின் ஏழை நோயாளிகளையே எடுத்ததால்தான் 1959இல் வந்த முடிவை உலகம் நம்பியது. வீட்டிலேயே குணமாக்கலாம் என்று தெரிந்தது. நீங்களும் குடிப்பவர், ஒழுங்காக வராதவர் என்று யாரையும் கழிக்காதீர்கள். உங்கள் கேள்வியே அவர்களைப் பற்றியதுதான். அப்புறம், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐயில் (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) ஆய்வைப் பதிவு செய்துவிடுங்கள்.

வடசென்னை பிஜி:
நன்றி அக்கா, நன்றி சார். அந்த 3.45 கணக்கைக் கைடிடம் காட்டி, 14 நிலையங்களுக்கு அனுமதி கேட்கிறேன். பிரஷர் பார்க்கிறவருக்கு எது எந்தப் பிரிவு என்று தெரியாமல் வைக்க என்ன வழி?

புள்ளியியல் அக்கா, சேத்துப்பட்டு:
வெளியிலிருந்து ஒருவரை அனுப்புங்கள், நிலையத்து நர்ஸ் வேண்டாம்.