ஜிம் மெஷின் கொழுப்பு கூடிருச்சுங்குது, பெல்ட்டு லூசாவுது... எத நம்புறது?

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாளா சும்மா படிச்சிட்டு போயிட்டு இருந்தவன், இன்னிக்கு தான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வயசு 38, உயரம் 170. பேக்டரி வேலை, 12 மணி நேர ஷிஃப்ட், ரெண்டு வாரம் பகல் ரெண்டு வாரம் ராத்திரி. ஜூலைல ஜிம்ல சேந்தேன். சேந்த அன்னிக்கு ஒரு மெஷின்ல வெறுங்காலோட ஏறி நின்னு ரெண்டு கைலயும் பிடிய பிடிக்க சொன்னாங்க, ஒரு நிமிஷத்துல தாள் ஒன்னு பிரிண்டாகி வந்துச்சு. எடை 82.4 கிலோ, கொழுப்பு 28.4 விழுக்காடு, தசை 33.0 கிலோ. சரின்னு ஆறு வாரம், வாரத்துக்கு மூணு நாள் விடாம போனேன், தே தாரேக்க (இனிப்பான பால் டீ) நிப்பாட்டிட்டு தே ஓ கொசோங் (பால் சீனி இல்லாத டீ) ஆக்கினேன் (வாழ்க்கைல நான் பண்ண பெரிய தியாகம் இது தான்), பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சு, சந்தோஷமா இருந்தேன்.

போன வியாழன் மறுபடியும் ஏறி நின்னா எடை 80.9, கொழுப்பு 29.2, தசை 32.0. எடை எறங்கியிருக்கு ஆனா கொழுப்பு ஏறியிருக்கு! கோச் தாள பாத்துட்டு தலைய ஆட்டறாரு, "தசை கரையுது, தனியா ட்ரெய்னிங் எடுக்கலன்னா இன்னும் மோசமாயிரும்"னு சொல்லி 2,400 வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ நீட்டறாரு. வீட்ல ஆன்லைன்ல வாங்கின 79 வெள்ளி தராசு இருக்கு, அது 24 விழுக்காடுங்குது. இடுப்பு பேண்ட் சைஸ் 36, அதாவது 91 செண்டி, ஆம்பளைக்கு 90க்குள்ள இருக்கணும்னு போட்டிருந்தான், அதனால அது கிட்டத்தட்ட ஓகேன்னு நினைக்கிறேன்.

இந்த தடவ தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறதா வேண்டுதல். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள 15 விழுக்காடுக்கு கொண்டு வரணும்னு மனசுல வெச்சிருக்கேன். நடக்குமா? எந்த நம்பர நம்பறது? பேக்கேஜ் எடுக்கவா?

தண்ணிமலை_அங்கிள்

தம்பி, பெல்ட்டுக்கு கமிஷன் கிடையாது. அத நம்பு.

சத்துணவு_அக்கா_கேஎல்

அங்கிள் 😄 தம்பி, பேக்கேஜ் பணத்த இப்போதைக்கு பைக்குள்ளயே வைங்க. நான் கேஎல்ல (கோலாலம்பூர்) டயட்டீஷியன், இந்த மாதிரி தாள தூக்கிட்டு அழற முகத்தோட வர்ற ஆளுங்கள வாரத்துக்கு ரெண்டு பேராவது பாக்கறேன். முதல்ல ஒன்னு சொல்லுங்க, ரெண்டு தடவையும் எத்தன மணிக்கு ஏறினீங்க, அதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டீங்க குடிச்சீங்க?

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்

அக்கா, முதல் தடவ லீவு நாள், சாயங்காலம் 6 மணி இருக்கும், மாமாக் கடைல மீ கோரேங் சாப்ட்டு தண்ணியும் நல்லா குடிச்சிட்டு போனேன். ரெண்டாவது தடவ நைட் ஷிஃப்ட் முடிஞ்சு நேரா போயிட்டேன், காலைல 7.30. எங்க லைன் கிளீன் ரூம் (தூசி வராம மூடி வெச்ச அறை), தண்ணி குடிக்கணும்னா சூட்டு, பூட்ஸ், முகமூடி எல்லாம் கழட்டி வெளிய வந்து குடிச்சிட்டு திரும்ப மாட்டணும், அதனால பாதி பேரு ராத்திரி பூரா குடிக்கறதே இல்ல. அன்னிக்கு மழ வேற, மோட்டார்ல நனைஞ்சுக்கிட்டே போனேன், கை காலெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு.

சத்துணவு_அக்கா_கேஎல்

அவ்வளவு தான் தம்பி, கேஸ் முடிஞ்சுது.

அந்த மெஷின் கொழுப்ப எடை போடறதே இல்ல. கை கால் வழியா ஒரு சின்ன மின்சாரத்த அனுப்பி எவ்வளவு தடை வருதுன்னு மட்டும் தான் பாக்குது. தசைல தண்ணி அதிகம், மின்சாரம் சுலபமா போயிரும். கொழுப்புல தண்ணி கம்மி, தடுக்கும். அந்த தடைய வெச்சு, உங்க உயரம் எடை வயசு எல்லாத்தையும் ஒரு சூத்திரத்துல போட்டு உடம்புல மொத்தம் எவ்வளவு தண்ணி இருக்குன்னு கணக்கு போடுது. கொழுப்பு இல்லாத உடம்புல சுமாரா 73 விழுக்காடு தண்ணி, அந்த விகிதத்த வெச்சு கொழுப்பு இல்லாத எடைய கண்டுபிடிச்சு, மொத்த எடைல இருந்து அத கழிச்சா மிச்சம் கொழுப்பு. அதாவது கொழுப்பு கடேசில மிஞ்சற கணக்கு, மேல எங்க தப்பு வந்தாலும் அது தலையில தான் வந்து விழும்.

இப்ப உங்க தாள போட்டு பாருங்க. முதல் தடவ 82.4ல கொழுப்பு 23.4, மிச்சம் 59.0. ரெண்டாவது தடவ 80.9ல கொழுப்பு 23.6, மிச்சம் 57.3. கொழுப்பு இல்லாத பங்குல 1.7 கிலோ காணாம போயிருக்கு. அதுல 73 விழுக்காடுன்னா 1.2 லிட்டர் தண்ணி. மெஷின் 1.2 லிட்டர் கம்மியா கணக்கு பண்ணியிருந்தா போதும், தாள்ல 1.7 கிலோ "கரைஞ்சிரும்". ராத்திரி பூரா தண்ணி குடிக்காதவருக்கு அதுல ஒரு பங்கு நெஜமாவே குறைஞ்சிருக்கலாம், மீதி ஜில்லுன்னு இருந்த கை கால் பண்ண வேல, தோல் குளிர்ந்தா தடை கூடும், தடை கூடினா மெஷினுக்கு அது கொழுப்பா தெரியும். தாள்ல போட்ட "தசை"யும் இதே கணக்குல இருந்து வந்தது தான், தனியா யாரும் அளக்கல.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், எறங்கின ஒன்றரை கிலோல பாதிக்கு மேல அன்னிக்கு காலைல இருந்த தண்ணிக் குறைச்சலா கூட இருக்கலாம், எல்லாமே கொழுப்புன்னு நினைச்சுக்காதீங்க. இனிமே லீவு நாள் காலைல, எழுந்து, பாத்ரூம் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மெஷின்ல, மாசத்துக்கு ஒரு தடவ, அதுக்கு மேல வேணாம். (பேஸ்மேக்கர் வெச்சவங்க இதுல ஏறவே கூடாது, கர்ப்பிணிங்களும் வேணாம், படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன்.)

அப்புறம் அந்த பேண்ட் சைஸ். தம்பி, கோவிச்சுக்காதீங்க, நம்ம ஆளுங்க பேண்ட் தொப்பைக்கு கீழ தான் உக்காரும். தையல் டேப் எடுத்து, கடேசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்போட மேல் முனைக்கும் நடுவுல, சாதாரணமா மூச்ச விட்டுட்டு அளந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. வயித்த உள்ள இழுக்காதீங்க.

செந்தூல்_பளுதூக்கி

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா மெஷினையே தூக்கிப் போடற மாதிரி பேச வேணாம், நானும் கோச்சிங் பண்றவன், எல்லாரும் தாள காட்டி பயமுறுத்தற ஆளுங்க இல்ல லா. ப்ரோ, உங்க வீட்டு தராசு கால் வெக்கறதுக்கு மட்டும் தான இருக்கு? அதுல மின்சாரம் ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல எறங்கிரும், தொப்பை பக்கமே ஒழுங்கா போகாது, மேல இருக்கறதெல்லாம் ஊகம். ஆப்ப தொறந்து பாருங்க, அத்லெட் மோட் ஆன்ல இருக்கா? அது ஆன்ல இருந்தா சூத்திரமே வேற, அதே உடம்புக்கு கொழுப்ப நல்லா குறைச்சு காட்டும்.

தசை கரையுதான்னு தெரியணும்னா நோட்டு போடுங்க. ஜூலைல ஸ்குவாட் எத்தன கிலோ, இப்ப எத்தன? தூக்கற எடை கூடிட்டே வருதுன்னா ஆறு வாரத்துல ஒரு கிலோ தசை போச்சுங்கறத நான் நம்ப மாட்டேன்.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்

அய்யோ ப்ரோ, அத்லெட் மோட் ஆன்ல தான் இருக்கு 🤦 செட்டப் பண்ணப்ப "வாரத்துக்கு எத்தன நாள் உடற்பயிற்சி"ன்னு கேட்டுச்சு, வெக்கப்பட்டுக்கிட்டு 6ன்னு போட்டேன். இப்ப ஆஃப் பண்ணி ஏறினா 28.8ங்குது. ஸ்குவாட் 30ல ஆரம்பிச்சேன், இப்ப 50.

டேப்பு விஷயம்... பொண்டாட்டி தையல் மிஷின் டிராயர்ல இருந்து எடுத்து அவங்களே அளந்தாங்க. 98.5 செண்டி. மூணு தடவ அளந்துட்டு சிரிக்கறாங்க. இத்தன வருஷமா 36 சைஸுன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன்.

மெல்லிசு_ஆனா_சீனி

நானும் ஒரு வார்த்த சொல்லிக்கறேன். எனக்கு 52 வயசு, பினாங்கு ஜெலுத்தோங் பக்கம், ஒல்லி ஆளு, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) 22. இங்க நம்ம மலேசியா சுகாதார அமைச்சு கணக்குல 23ல இருந்து அதிக எடை, 27.5ல இருந்து உடல் பருமன், அப்படி பாத்தா நான் சுத்த தங்கம். வேலைக்கு மெடிக்கல் செக்கப் பண்ணப்ப சீனி வியாதின்னுட்டாங்க. கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னாடி, இடுப்பு அளந்தா 93. கல்யாண வீட்ல எல்லாரும் "நீங்க ஒல்லி, இன்னும் ரெண்டு லட்டு சாப்பிடுங்க"ன்னு தான் இவ்வளவு நாளா வெச்சாங்க. தம்பி, கொழுப்பு விழுக்காட்ட விடுங்க, முதல்ல கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போயி சீனி, ரத்தக் கொழுப்பு, பிரஷர் மூணும் பாத்துட்டு வாங்க.

சத்துணவு_அக்கா_கேஎல்

அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு. 2004ல லான்செட் இதழ்ல ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ ஒன்னு வந்துச்சு, ஒருத்தர் புனேக்காரர் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. லண்டன்காரருக்கு கொழுப்பு 9.1 விழுக்காடு, நம்ம ஊரு பக்கத்து ஆளுக்கு 21.2. ஒரே பிஎம்ஐக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், அதனால தான் ஆசியாக்காரங்களுக்கு கோட்ட கீழ எறக்கி வெச்சிருக்காங்க, இடுப்பு ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80.

இப்ப 15 விழுக்காடு கதைக்கு வருவோம். ரெண்டு தாளுக்கும் நடுவுல, கொழுப்பு இல்லாத எடை 58 கிலோன்னு வெச்சுக்கங்க. அது மொத்தத்துல 85 விழுக்காடா ஆகணும்னா நீங்க 68 கிலோவுல நிக்கணும். 13 கிலோ எறங்கணும், அதுவும் ஒரு துளி தசை போகாம. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி, 13 கிலோவுக்கு ஒரு லட்சம். 150 நாள்ல வகுத்தா தினமும் 670 கலோரி பள்ளம் வெட்டணும், ரெண்டு ரொட்டி சானாய்க்கு மேல, தீபாவளி உட்பட ஒரு நாள் விடாம, அதுவும் ராத்திரி ஷிஃப்ட் தூக்கத்தோட. காகிதத்துல வரும். ஆளு தான் வர மாட்டார், நாலாவது வாரம் நாசி கண்டார் கடைல பாக்கலாம் உங்கள.

அஞ்சு மாசத்துல 4ல இருந்து 6 கிலோ, இடுப்பு முதல்ல 94க்குள்ள. 90 அடுத்த வருஷம். விழுக்காட்டுல குறி வெக்காதீங்க, அந்த மெஷின் ஒரு மழைக்கே ஒரு புள்ளி ஆடுதே. தட்டுல நம்ம அமைச்சோட சுக்கு சுக்கு செப்பாரோ இருக்கே, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ தெம்பேவோ (புளிக்க வெச்ச சோயா), அரை தட்டு காய்கறி பழம், அது போதும், பெரிய டயட் எல்லாம் வேணாம். விரதத்துக்கு சைவம்னா தவ்ஃபூ (சோயா பன்னீர்), தெம்பே, பருப்பு மறந்துராதீங்க, வெறும் சோறு சாம்பார்ல 48 நாள் ஓட்டினா அப்ப தான் நெஜமாவே தசை கரையும்.

தண்ணிமலை_அங்கிள்

எனக்கு ஒன்னு தான் புரியல. காவடி எடுக்கப் போறவனுக்கு எதுக்கு 15 விழுக்காடு? முருகன் என்ன தாளா கேக்கறாரு? பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில்ல 513 படி இருக்கு. இன்னிக்கு ஏறினா எத்தன எடத்துல நிக்கற? அத எழுதி வை. தைப்பூசத்துக்குள்ள நிக்காம ஏறணும், அது குறி. எனக்கு 67 வயசு, முதல்ல அஞ்சு எடத்துல நின்னேன், இப்ப ஒரு எடம், அதுவும் மூச்சுக்காக இல்ல, கடல பாக்க.

செந்தூல்_பளுதூக்கி

அங்கிள் சொல்றது தான் சரியான புரோக்ராம். ஸ்குவாட்ட விட்டுராதீங்க ப்ரோ, படிக்கும் அது தான், காவடிக்கும் அது தான். கோச்ச மட்டும் ஒரு கேள்வி கேளுங்க, "லீவு நாள் காலைல மறுபடியும் ஏறவா?"ன்னு. சரின்னு சொன்னாருன்னா நல்ல கோச். அதுக்கும் பேக்கேஜ் தான் பதில்னா ஜிம்ம வெச்சுக்குங்க, ஆள மாத்துங்க.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்

கேட்டுட்டேன் ப்ரோ. "ரெண்டு வாரத்துல ப்ரோமோ முடியுது"ன்னாரு. 😂

சரி, முடிவு பண்ணிட்டேன். மாசத்துல முதல் லீவு நாள் காலைல மட்டும் மெஷின், டேப்ப பொண்டாட்டி கிட்ட ஒப்படைச்சாச்சு, அடுத்த வாரம் கிளினிக்ல சீனி டெஸ்ட். இன்னிக்கு காலைல தண்ணிமலைக்கு போனேன், ஏழு எடத்துல நின்னேன். நாலாவது எடத்துல ஒரு பாட்டி பூக்கூடையோட என்ன தாண்டி போயிட்டாங்க, திரும்பி கூட பாக்கல.

தண்ணிமலை_அங்கிள்

ஞாயித்துக்கிழம காலைல 6.30, அடிவாரத்துல இருப்பேன். தண்ணி போத்தல் எடுத்துட்டு வா, உங்க கிளீன் ரூம் மாதிரி இல்ல, இங்க நடுவுல நின்னு குடிக்கலாம்.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்

அன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட் அங்கிள், முடிச்சிட்டு நேரா வர 8 மணி ஆயிரும். படியில தூங்கிட்டா எழுப்பி விடுங்க.