மைனஸ் 30 டிகிரியில் லெம்மிங் எப்படிப் பிழைக்கிறது?

கேள்வி:
பனிக்கரடிக்குத் தடித்த கொழுப்பு, கஸ்தூரி எருதுக்குக் காலை மூடும் நீள ரோமம், அதெல்லாம் புரிகிறது. ஆனால் லெம்மிங் உள்ளங்கையில் அடங்குகிற, எலி மாதிரியான விலங்கு, குளிர்கால உறக்கமும் கிடையாதாம். அது வாழும் தூந்திராவில், அதாவது ஆர்க்டிக்கின் உறைந்த வெட்டவெளியில், ஒதுங்க மரமும் இல்லை. உடம்பு சிறியது என்றால் சூடு சீக்கிரம் போய்விடுமே, அப்புறம் எங்கேதான் இருக்கிறது?

முதல் பதில்:
பனிக்கு அடியில். புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான், அதனால் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். மேலே மைனஸ் 30 இருந்தாலும், அரை மீட்டருக்கு மேல் பனி மூடியிருந்தால் தரையை ஒட்டி அவ்வளவு குளிர் இறங்காது. மண்ணிலிருந்து ஏறும் சூட்டில் அடிப்பனி சர்க்கரை போலப் பொலபொலவென்று ஆகிவிடுகிறது, அதைக் குடைந்து சுரங்கம் போட்டு, பாசியையும் புல்லையும் தின்று, புல்லாலேயே உருண்டையாகக் கூடு கட்டி, கடுங்குளிரிலும் குட்டி போடுகிறது. ஆர்க்டிக் நரியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வியப்பு. பனிமேல் நின்று, சத்தத்தைக் கேட்டே லெம்மிங் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, எம்பித் தலைகுப்புறப் பாய்ந்து பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
அருமை, நன்றி! அப்படியானால் பூமி சூடாவது இவற்றுக்கு நல்லதுதானே?

இரண்டாம் பதில்:
இல்லை, நேர்மாறு. குளிர்காலத்தில் மழை பெய்வதுதான் பெரிய ஆபத்து. பனிமேல் விழுந்த மழை உறைந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும், லெம்மிங்குக்குச் சுரங்கமும் போச்சு, தீனியும் போச்சு. தெற்கு நார்வே மலைகளில் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை லெம்மிங் பெருகும், 1990களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் அந்தப் பெருக்கமே வரவில்லை, பனியின் தன்மை மாறியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். லெம்மிங் குறைந்தால் நரியும் பனி ஆந்தையும் குட்டி, குஞ்சு வளர்க்க முடியாமல் தவிக்கும். துருவ மானுக்கும் இதே கதிதான். குளம்பால் பனியைத் தோண்டி லைக்கன் (தரையில் பாசி போலப் படரும் உயிரி) தின்னும் விலங்கு அது, பனிக்கட்டியை அதனால் உடைக்க முடியாது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் இப்படி மழை உறைந்து, மேய்ப்பர்களின் துருவ மான்கள் சுமார் 61,000 பட்டினியால் செத்தன. படித்தபோது மனசு தாங்கவில்லை.

மூன்றாம் பதில்:
அங்கேயும் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற விலங்கு உண்டு, ஆர்க்டிக் தரை அணில். அலாஸ்காவில் அளந்தபோது அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியிருந்தது, ஆனாலும் ரத்தம் உறையவில்லை! இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுங்கி நடுங்கி உடம்பைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்து, சில மணி நேரம் கழித்து மறுபடி தூங்கப் போய்விடும்.