மரவாளில் தெரிந்துவிடும் மனசு

வாள் பழகும்போது மனசையும் வாளையும் எப்படி இணைப்பது என்று ஆளாளுக்கு எழுதுவதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பூங்காவில் காலை வேளையில் தாய்ச்சி வாள் பழகுகிறார்கள். தாய்ச்சி என்பது மெதுவான அசைவுகளாகப் பழகும் சீனத் தற்காப்புக் கலை. நானும் போகிறேன். பெரும்பாலும் ஓய்வு பெற்ற சீனப் பெண்கள். தாய்ச்சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியிலிருந்து 1957இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் சுருக்கித் தொகுத்த 32 அசைவு வரிசைதான் அங்கே நடக்கும்.

அதன் தொடக்கத்தில் இரு கால்களையும் சேர்த்து நின்று, மணிக்கட்டைச் சற்றே உயர்த்தி, வாள்முனையைக் கீழே கொத்த விடும் அசைவு ஒன்று வரும். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் கைப்பிடியை இறுக்கினால் முனை நடுங்கும். வாள் மெல்லிய தகடாக இருந்தால் சலசலத்து ஊருக்கே சொல்லிவிடும். கையை மறந்துவிட்டு, முனை போய்ச் சேரவேண்டிய இடத்தில் மட்டும் கவனம் வைத்தால் விரல்கள் தாமாகவே தளரும். "கையைப் பார்க்காதே, முனை போகுமிடத்தைப் பார்" என்பார் கற்றுத்தரும் அம்மா. வலிமையை அல்ல, எண்ணத்தைப் பயன்படுத்து என்பது யாங் பாணி ஆசான் யாங் செங்ஃபு சொன்ன பத்து அடிப்படைகளில் ஒன்று. முனை வழியாக ஏதோ சக்தி பாய்ந்து வெளியேறுகிறது என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. அது இல்லாமலே விஷயம் புரிகிறது.

எனக்கு அது நன்றாக உறைத்தது ஜோடிப் பயிற்சியில்தான். இருவரும் மரவாளைப் பிடித்து, அலகோடு அலகு தொட்டபடி, தொடர்பு விடாமல் நகரவேண்டும். குறி எதிராளியின் மணிக்கட்டு. யாங் செங்ஃபுவின் மாணவரான செங் மான்-சிங் வழியில் பழகுகிறவர்களிடம் இது அதிகம். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு நிற்பார். 'இப்போது மணிக்கட்டைத் தொடலாம்' என்று நான் நினைத்ததுமே அவர் வாள் அங்கே வந்து வழி மறிக்கும். கை இன்னும் கிளம்பியிருக்காது!

மாயம் ஒன்றுமில்லை. தாக்க நினைத்த நொடியில் என் சுண்டுவிரல் பிடியை இறுக்குகிறது, அந்த அழுத்தம் மரம் வழியாக அவர் உள்ளங்கைக்குப் போய்விடுகிறது. விரலை இறுக்காமல் பார்த்துக்கொண்டால் தோள் எழும்பும். அதையும் பிடித்துவிடுவார். ஆக, மனசையும் வாளையும் இணைக்க நான் தனியாகப் பாடுபட வேண்டியதே இல்லை. அவை ஏற்கனவே இணைந்துதான் கிடக்கின்றன. மறைக்கத்தான் முடியவில்லை.

அப்புறம் ஒரு நாள் தொட வேண்டும் என்ற ஆசையே இல்லாமல், அவர் வாளின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் கவனித்தேன். அவர் சாய்ந்த பக்கமாகவே நானும் போனேன். என் முனை அவர் சட்டைக் கையில் போய் நின்றது. "ஹோ" என்று சிரித்தவர், அடுத்த சுற்றில் என்னை இரண்டு முறை தட்டிவிட்டார்.

தாய்ச்சியின் இன்னொரு பாணியான சென் பாணி வாள் பழகுகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அதில் திடீரென வெடிக்கும் வேகம் உண்டே, அப்போது பிடி தளர்வாகவே இருக்குமா?